தூக்குவாளிக் கோப்பை இந்த வருஷம் யார் வீட்டில்?

தாராவி,
ஆடி மாதம், திங்கட்கிழமை ஆரம்பித்தது.

அன்புத் தங்கை கனகவள்ளிக்கு,

உன் அண்ணன் சொரிமுத்து, தன் கையால், பென்சிலால், ஒவ்வொரு எழுத்தையும் கூப்பிட்டு உட்காரவைத்து எழுதுவது. இங்கே நானும் மகன் முகேஷும் மருமகள் பிரபாவதியும், மழைக்கு ஒழுகுகிற மூலையை விட்டுவிட்டு மற்ற மூன்று மூலைகளில் சுகமாக இருக்கிறோம். அங்கே திலக் நகரில் உன் முட்டிகள் இரண்டும், மாப்பிள்ளை வேல்ராஜ் அவர்களின் சர்க்கரையும், மாடிக்கு ஏறுகிற தண்ணீரும் சொன்னபடி கேட்டு நடக்க, என் பெயரைத் தானும் வைத்திருக்கிற நம் குலசாமி துணை இருக்கட்டும்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. போன தீபாவளி வரைக்கும் எனக்கும் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைதான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எனக்கு வருத்தம் அவர் மேல்தான், அவருக்கு வருத்தம் என் மேல்தான், அந்த வருத்தத்தை அவர் வாயாலேயே நீ கேட்க வேண்டியிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. மாப்பிள்ளை, கும்பிடுகிறேன். உங்களைப் பற்றி வருகிற இடத்தில் இருமிக்கொண்டே இரண்டு வரி தாண்டிப் போய்விடாதீர்கள். எத்தனை வரி எழுதியிருக்கிறேன் என்று எனக்கு எண்ணிக்கை இருக்கிறது.

விஷயம் ஒன்றுதான். ஆடிக் கடைசி வெள்ளி வருகிறது. வழக்கப்படி நீ இங்கே வந்து மூன்று நாள் இருக்க வேண்டும். முப்பத்தேழு வருஷமாக, ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், நீ வராமல் இருந்ததில்லை. மழையில் தண்டவாளம் முழுகி ரயில் நின்ற வருஷம்கூட செம்பூரிலிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து வந்தாய். இந்த வருஷம் நீ வராமல் போய்விடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதற்குக் காரணம் மழை இல்லை, நான். நான் வாசிக்கக் கற்றுக்கொண்டதுதான் காரணம்.

உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எழுதிப் பார்த்தால்தான் எனக்கே தெரிந்த மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்தபோது அவருக்கு மேலே அனந்தகிருஷ்ணன் என்று மாட்டுங்காக்காரர் ஒருவர் இருந்தார். டென்னிஸ் என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். தாராவிக்கும் திலக் நகருக்கும் கேரம் போட்டி வைக்க வேண்டும், ஆனால் எப்படி வைப்பது என்று தெரியாமல் நாம் எல்லோரும் பலகையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது அவர்தான் வந்து, நாட்டுக்கு நாடு டென்னிஸ் ஆடுகிற டேவிஸ் கோப்பை என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதே மாதிரி வையுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை ஒற்றையர் இரண்டு, சனிக்கிழமை இரட்டையர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒற்றையர் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயிக்கிறவருக்கு வெற்றி. ஒரு வருஷம் இந்த ஊரில், மறு வருஷம் அந்த ஊரில். எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர்க்காரர்கள் சமைத்துப் போட வேண்டும், வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து மூன்று நாளும் தங்க வேண்டும் என்பது மட்டும் நாம் சேர்த்துக்கொண்டது. ஆடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்க ஒரு கேப்டனும் உண்டு என்று அவர் சொன்னார். மாஹிம் வரைக்கும் சைக்கிளில் இட்லி விற்றுவிட்டு வந்து, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த என்னை எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அன்றையிலிருந்து தாராவிக்குக் கேப்டன் நான்தான். கோப்பை யாரிடமும் இல்லை. நீ பாயசம் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குவாளி காலியாக இருந்தது. அதுவே கோப்பையாகிவிட்டது. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று மாப்பிள்ளை கேட்டதற்கு அனந்தகிருஷ்ணன் சார் சொன்ன பதில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். "அங்க என்ன ரூலோ அதுதான் இங்கயும். அதுல யாரும் கை வெக்கப்படாது." சார் இப்போது கல்யாணில் மகன் வீட்டில் இருக்கிறார். காது கேட்பதில்லை. ஆனால் சொன்ன சொல் சொல்தானே.

இனி என் படிப்பு. சங்கத்து ஹாலில் மத்தியானம் மூன்று மணிக்கு மானசா டீச்சர் வருகிறார். மாட்டுங்காவிலிருந்து வருகிற சின்னப் பெண்தான், ஆனால் கையில் சாக்பீஸ் இருக்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கும். பாடப் புத்தகம் முடிந்த அன்றைக்கு, "தாத்தா, இனிமே பேப்பர் வாசிங்கோ. ஒரு நியூஸ் எடுத்தா முழுசா முடிச்சுட்டுத்தான் அடுத்தது" என்று சொல்லிவிட்டார். பேப்பருக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியிலேயே ஒரு கட்டு கிடந்தது. இட்லி மடித்துக் கொடுக்க முகைதீன் பாயின் ரத்திக்கடையிலிருந்து, அதுதான் மாஹிம் பக்கத்தில் பழைய பேப்பர் கடை, எடுத்து வந்து, குறுக்கே இரண்டாக வெட்டி அடுக்கியது. இப்போது பேப்பரில் மடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் முகேஷ் டப்பாவுக்கு மாறிவிட்டான். மேல் பாதிகள் எல்லாம் முன்னமே வடையோடு போய்விட்டன. கீழ்ப் பாதிகள்தான் மிச்சம். விளையாட்டுப் பக்கத்தில் மேல் பாதி முழுக்கக் கிரிக்கெட் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். டென்னிஸ் எப்போதும் கீழேதான் ஒதுங்கி நிற்கும். ஆகவே எனக்குக் கிடைத்தது டென்னிஸ்.

முதல் தாளை உருவி நாலு நாள் வாசித்தேன். முதல் நாள் "டேவிஸ் கோப்பை" என்ற இரண்டு சொல்லும் பிடிபட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை. நம் கோப்பை, கனகவள்ளி! அச்சில்! அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பிரபாவதியிடம் காட்டினேன். "மாமா, பால் பொங்குது, நவுருங்க" என்றாள். நாலாவது நாள் கடைசி வரிக்கு வந்து சேர்ந்ததும் நம்பாமல் மறுபடி முதல் வரிக்கே போய் வாசித்தேன். இனிமேல் ஊர் மாறி ஊர் போய் ஆடுகிற பழக்கம் கிடையாதாம். பதினெட்டு நாட்டு அணிகளும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில் ஆட வேண்டுமாம். அந்த ஊருக்கு மாட்ரிட் என்று பெயர். ஐந்து செட்டும் கிடையாது, மூன்றுதானாம்.

அங்கே என்ன ரூலோ அதுதான் இங்கேயும் என்று இருக்கும்போது, கேப்டன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நான் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கலாமா? அன்றைக்கே மாப்பிள்ளைக்கு ஒரு தபால் கார்டு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் கார்டு. "இந்த வருஷம் ஆட்டம் தாராவியிலும் இல்லை, திலக் நகரிலும் இல்லை. பொதுவாக மாட்டுங்காவில் ஒரு ஹாலில். ஐந்துக்குப் பதில் மூன்று ஆட்டம். அணிகள் பதினெட்டு." தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விழுந்த சத்தம் கேட்கிற வரை காதை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மீதி பதினாறு அணிகளைத் தேடிப் புறப்பட்டேன். முகைதீன் பாய் ரத்திக்கடை ஆட்களை ஒரு அணியாகத் தருவதாகச் சொன்னார். கல்யாண் வண்டியில் மடியில் பலகை வைத்துத் தினமும் ஆடிக்கொண்டே வேலைக்குப் போகிற நாலு பேர் சம்மதித்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பலகை ஆடாமல் இருந்தால் குறி வராதாம், யாராவது காலால் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மீதி பதினாலு அணிகளுக்கு இன்னும் ஆள் சொல்லி வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்து பெருமையாக வந்து உட்கார்ந்தபோது பிரபாவதி பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "மாட்டுங்கா ஹால்லன்னா, திலக் நகர்காரங்க இங்க வந்து தங்கமாட்டாங்களா மாமா? காலைல வந்து ஆடிட்டு சாயங்காலம் போயிருவாங்களா?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொது இடம் என்றால் யாரும் யார் வீட்டுக்கும் வர வேண்டியதில்லை. பதினெட்டு அணிகளைக் கூப்பிடப் போய் உன்னை வரவேண்டாம் என்று என் கையாலேயே எழுதிவிட்டேன். ஓடிப்போய்த் தபால் பெட்டியைப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

கார்டு போன மூன்றாவது நாள் மாப்பிள்ளை போன் செய்தார். இந்த இடத்தை மாப்பிள்ளை அவர் குரலிலேயே வாசிக்கலாம்.

"ஏன்வே மச்சான், மொத ரெண்டு ஆட்டத்த விட்டுட்டுத்தான் நான் எந்திரிப்பேன்னு ஒமக்குத் தெரியும்லா? தெரிஞ்சுக்கிட்டுத்தான மூணா கொறச்சீரு?"

"நான் கொறைக்கல மாப்ள. பேப்பர்ல போட்டிருக்கான்."

"எந்தப் பேப்பர்ல?"

"இட்லி பேப்பர்ல."

"எழுவது வருசம் கைநாட்டா இருந்தீரு, ஒரு சண்ட உண்டாவே நமக்குள்ள? எட்டு மாசம் படிச்சீரு, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சரி, அடுத்த தாளில் நல்ல சேதியாக இருக்கும் என்று உருவினேன். அதிலே ஆஸ்திரேலியாவில் நாட்டு அணிகளுக்கு இன்னொரு புதுக் கோப்பை ஆரம்பிக்கிறார்கள் என்று இருந்தது. ஒரு கோப்பை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, அதே மாதிரி இன்னொன்று எதற்கு என்று அந்த ஊர்க்காரர்களே கேட்டிருக்கிறார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். இருந்தாலும் முறை என்று இருக்கிறதே என்று முகைதீன் பாயிடம் ஒரு கெட்டிலைக் கேட்டு வாங்கி, இரண்டாவது கோப்பை தயார் என்று மாப்பிள்ளைக்குக் கார்டு எழுதினேன். ஐந்து நாள் கழித்து அடுத்த தாளை முடித்தபோது அந்தப் புதுக் கோப்பையை நிறுத்திவிட்டார்கள் என்று இருந்தது! ஆரம்பித்த ஐந்தே நாளில் முடித்துவிட்டார்களே, இவ்வளவு பெரிய மனிதர்கள் இப்படியா நடந்துகொள்வது என்று எனக்கு மனசே சரியில்லை. கெட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். "அரே சொரிமுத்து பாய், ஒரு சாயாகூடப் போடாம திருப்பித் தர்றியே, ஓட்டை கீட்டை இருக்கா?" என்று பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்து என்று மாப்பிள்ளைக்கு இன்னொரு கார்டு.

அதற்கடுத்த தாளில் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆட வேண்டும் என்று ஒரு கோப்பை. இதைப் படித்து நான் சும்மா சொன்னேன், பிரபாவதி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பலகைக்கு எதிரே உட்கார்ந்தாள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முகேஷை ஒரு காய்கூடப் போட விடாமல் தன் காய்களோடு சிவப்பையும் சேர்த்துக் குழியில் தள்ளிவிட்டு, பருப்பு வெந்திருக்கும் என்று எழுந்து போனாள். பத்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிற பெண், ஒருவரும் அவளிடம் ஆடுவாயா என்று கேட்டதில்லை. உடனே அணியில் சேர்த்துவிட்டேன். திலக் நகர் சார்பில் கனகவள்ளி ஆட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ போன் பேசுகிறாய். முட்டி வலி சொல்கிறாய், எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்கிறாய், எள்ளுப்பொடி இருக்கிறதா என்று கேட்கிறாய். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கார்டு மேல் கார்டாக இத்தனை அநியாயம் செய்திருக்கிறேன், ஒரு சொல் திட்டவில்லை நீ. சின்ன வயதிலிருந்தே உனக்குப் பெரிய கோபம் வந்தால் சின்ன விஷயம்தான் பேசுவாய். எள்ளுப்பொடியைப் பற்றி நீ அவ்வளவு நேரம் பேசியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த தாளைத்தான் நான் வாசித்திருக்கக் கூடாது. அதிலே ஒரு பக்கம் ஐரோப்பா, இன்னொரு பக்கம் மீதி உலகம் முழுக்க, இரண்டே அணி. மூன்று முறை வாசித்தேன், அப்படித்தான் இருந்தது. அப்படியென்றால் நாம் எல்லோரும் மீதி உலகம். தாராவி மீதி, திலக் நகர் மீதி, மாஹிம், கல்யாண் எல்லாம் மீதி. மாப்பிள்ளையும் நானும் ஒரே பெஞ்சில்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, சண்டை தானாகத் தீர்ந்துவிட்டதே என்று. "இனி நாம் இரண்டு பேரும் ஒரே அணி. எதிர் அணிக்கு ஐரோப்பாவிலிருந்து யாராவது கிடைப்பார்களா என்று உங்கள் பக்கம் விசாரிக்கவும்" என்று எழுதிப் போட்டேன்.

அன்றைக்கு வந்த போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் பிடிக்க முடிந்தது.

"வாரத்துக்கு ஒரு சட்டமாவே? நீரும் நானும் ஒரே அணின்னா பின்ன யாரத் தோக்கடிக்கதுக்கு நான் முப்பத்தேழு வருசமா சுண்டு வெரலுக்கு எண்ண தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்? கேட்டுக்கிரும். திலக் நகர் வராது. வாக்ஓவர். தூக்குவாளிய நீரே வச்சு சாம்பார் ஊத்திக்கிரும்."

வாக்ஓவர் என்றால் என்ன என்று மானசா டீச்சரிடம் கேட்டேன். ஆடாமலேயே நாம் ஜெயித்துவிட்டதாக அர்த்தமாம். கேட்டதும் அழுகைதான் வந்தது.

அன்று சாயங்காலம் தூக்குவாளியை எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெண்கள் அணிகளுக்கான கோப்பைக்கு ஒரு பழைய வீராங்கனையின் பெயரை வைத்துவிட்டார்கள் என்று ஒரு துண்டுச் சேதி அதற்கு முந்தின நாள்தான் வாசித்திருந்தேன். நம் கோப்பைக்கு முப்பத்தேழு வருஷமாகப் பெயரே இல்லையே, ஒரு பெயர் வெட்டலாமா என்று பிடியைத் திருப்பினால், அங்கே ஏற்கெனவே வெட்டியிருந்தது. பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக அடித்துத் தருவார்களே, அது. எத்தனை தரம் அதைத் தூக்கிப் பிடித்துக் கூத்தாடியிருக்கிறேன், அது என் கண்ணில் ஏதோ கோலம் மாதிரிதான் பட்டிருக்கிறது. இப்போது எழுத்துக் கூட்டினேன். க, ன, க, வ, ள், ளி. நம் அப்பா உன் கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உன் பெயரை நான் வாசித்தது அதுதான் முதல் தடவை. வாளியை மூடி, சேலைத்துணியில் சுற்றி, அலமாரியில் வைத்தேன். சாம்பார் ஊற்றவில்லை.

போன வாரம் கட்டிலிருந்து இன்னொரு தாள். பயந்து பயந்துதான் உருவினேன், கனகவள்ளி. ஆறு நாள் ஆனது. என்ன போட்டிருக்கிறான் தெரியுமா? ஊர் மாறி ஊர் போய் ஆடுகிற பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்! கடைசி எட்டு அணிகள் மட்டும்தான் ஒரே ஊரில் கூட வேண்டும். அதற்கு முன்னால் எல்லாம் சொந்த ஊர், எதிர் ஊர்தான். ஏன் என்றால் சொந்த ஊரில் சொந்த ஜனம் கத்துகிற சத்தம் வேறெங்கும் கிடைப்பதில்லை என்று ஆடுகிறவர்களே ஆதங்கப்பட்டிருக்கிறார்களாம். இதைச் சொல்ல அவர்கள் மாட்ரிட் வரைக்கும் போயிருக்க வேண்டாம். பிரபாவதி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லியிருப்பாள்.

ஆகவே கேப்டன் என்ற முறையில் கடைசியாக அறிவிக்கிறேன். இந்த வருஷம் தாராவி முறை. ஆட்டம் நம் வீட்டில். ஐந்து ஆட்டம்தான், மாப்பிள்ளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தோற்றுவிட்டு எழுந்திருக்கலாம். கல்யாண்காரர்களை ரயிலிலேயே ஆடிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பவுடர் மழையில் கட்டிதட்டாமல் இருக்க அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறோம். ஒழுகுகிற மூலைக்கு முகேஷ் தார்ப்பாய் போட்டுவிட்டான். உனக்குக் கட்டில். தயவுசெய்து வா. ஆட்டம் இல்லாவிட்டாலும் வா. மாப்பிள்ளை, இந்த வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

இருவரும் நோய் நொடி இல்லாமல், மாடிப்படியில் கைப்பிடி விடாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு மரியாதையான வணக்கம், அவருடைய சுண்டு விரலுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இப்படிக்கு
உன் அண்ணன்,
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)
சொரிமுத்து

பின்குறிப்பு: இன்று வியாழக்கிழமை. போன வாரத் திங்கட்கிழமை ஆரம்பித்த கடிதம் இன்றுதான் முடிந்தது. பிழை திருத்த டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "தாத்தா, அந்தத் தாளெல்லாம் கொண்டு வாங்கோ" என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தேதியே இல்லையே?" என்றார். தேதி மேல் பாதியில்தானே இருக்கும், அது வடையோடு போய்விட்டது என்றேன். அவர் போனில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, தாள்களை வரிசைப்படுத்தித் தரையில் வைத்தார். ஒன்று ஏழெட்டு வருஷத்துக்கு முந்தியதாம். அடுத்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. புதுக் கோப்பை ஐந்து நாளில் நின்றுபோகவில்லை, மூன்று வருஷம் நடந்ததாம். பாவம், அந்தப் பெரிய மனிதர்களை நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அவர்கள் ஏழெட்டு வருஷத்தில் நிதானமாகக் குழம்பியதை நான் ஒன்றரை மாதத்தில் குழம்பி முடித்திருக்கிறேன். மாப்பிள்ளை ஏழெட்டு வருஷக் கோபத்தை ஒன்றரை மாதத்தில் பட்டிருக்கிறார், சர்க்கரைக்காரர்.

கட்டின் அடியில் இன்னும் ஒரு தாள் இருக்கிறது, இதுதான் எல்லாவற்றையும்விடப் புதுசு போல, மஞ்சளே பூக்கவில்லை. தலைப்பில் "மீண்டும் மாற்றமா?" என்று இரண்டு சொல் வாசித்தேன். அதோடு மடித்து, ஆடுகிற கேரம் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். எழுபத்துமூன்று வருஷம் ஒன்றையுமே வாசிக்காமல் இருந்தவனுக்கு ஒரு தாளை வாசிக்காமல் இருக்கத் தெரியாதா? நாளைக் காலையில் தபாலில் சேர்ப்பேன். நாளைக்கே ஆடிக் கடைசி வெள்ளி என்பது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. இது உன் கைக்கு வந்து சேரும்போது ஞாயிறும் தாண்டியிருக்கும். என்ன செய்வேன்.

இன்னொரு பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் நீ நிற்கிறாய்.

"என்னண்ணே, பேயக் கண்ட மாதிரி முழிக்க? பலகைய இன்னும் எறக்கலயா? ஏட்டி பிரபா, எள்ளுப்பொடி கொண்டாந்திருக்கேன், ஈரம் படாம வையி."

"நீ வருவியான்னு..."

"இதென்ன புதுசா கேக்க? போன வருசம் எங்க வீட்ல, இந்த வருசம் ஒங்க வீட்ல. ஆடிக் கடசி வெள்ளிக்கு வராம நான் எங்கன போவேன்?"

உனக்குப் பின்னால் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி மாப்பிள்ளை. நீ அடுப்படிக்குள் போனதும் என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார். "ஒரு கார்டும் அவகிட்ட வாசிக்கல மச்சான். அண்ணன் வரவேண்டாம்னு எழுதியிருக்காருன்னு நான் எந்த வாயால வாசிக்க? எல்லாம் கரண்டு பில்லுன்னு சொல்லி அலமாரில வச்சுட்டேன்."

"அப்ப வாக்ஓவர்?"

"அது ஒமக்குச் சொன்னது. அவ காலைல நாலு மணிக்கே பையத் தூக்கிட்டு நிக்கா. அவகிட்ட யாரு சொல்ல? மெதுவா பேசும்வே."

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஸ்ட்ரைக்கர் வட்டமாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது.

ஆக, மாட்ரிட் வரைக்கும் என்னென்னவோ மாறியிருக்கிறது, உனக்கு மட்டும் ஒன்றுமே மாறவில்லை. யாரும் உனக்கு வாசித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்துக்கு இனித் தபால் தலை வேண்டாம். பதினோரு நாள் எழுதியது, வீணாக்க மனசில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு உன்னை உட்காரவைத்து, மாப்பிள்ளை இல்லாமல், நானே வாசித்துக் காட்டப் போகிறேன். முதலில் உன் பெயர் வருகிறது, அதை நன்றாக வாசிப்பேன். தூக்குவாளியும் வரும். மற்ற இடங்களில் எனக்கு இருமல் வரும்போல் இருக்கிறது.

இப்போது நிறுத்துகிறேன், பலகையிலிருந்து கூப்பிடுகிறார்கள். பிரபாவதியிடம் மாப்பிள்ளை முதல் இரண்டு ஆட்டத்தையும் விட்டுவிட்டாராம். இனிமேல்தான் எனக்குப் பயம்.